ஹெல்மெட் போட்ட எம்.பி.

வண்டி ஓட்டத் தெரியாத எம்.பி., ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்தின் பின்வாசல் வழியாக இறங்கினார். மாடி ஜன்னலிலிருந்து பி.ஏ. அதைப் பார்த்துவிட்டான்.

கீழே எம்.பி.யின் மச்சான் ஸ்கூட்டரோடு தயாராக நின்றான். எம்.பி. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பழுப்பு உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்னால் ஏறினார்.

திங்கட்கிழமை நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆளுங்கட்சிக்கு, அதாவது எம்.பி.யின் கட்சிக்கு, ஒரே ஓர் ஆள்தான் அதிகம். அந்த ஓர் ஆள் சாய்ந்தால் ஆட்சியும் சாய்ந்துவிடும்.

"உங்க ஆள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று தலைமையகம் நேற்றுதான் பி.ஏ.விடம் சொல்லியிருந்தது. "எதிர்க்கட்சிக்காரன் யாரையாவது பார்க்கப் போனா அடுத்த நிமிஷம் எங்களுக்குத் தெரியணும். கட்சியை விட்டே தூக்கிடுவோம்."

பி.ஏ.வும் தலைமையகம் அனுப்பிவைத்த ஆள்தான். தலைநகரத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊர் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் எம்.பி.யை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

முதல் நாளே சுவரில் இருந்த தொகுதி வரைபடத்தைக் காட்டி, "இந்தக் கோடியில மலையடிவாரம், அந்தக் கோடியில ரயில்வே கேட். நடுவுல இருக்கிற அத்தனை பேரும் நம்ம ஜனங்க தம்பி" என்று அவர் சொன்னபோது அவன் உருகிப்போனான். இப்பேர்ப்பட்ட மனுஷரா விலைபோவார்?

ஆனால் காலையில் அவர் போனில் குசுகுசுத்தது அவன் காதில் விழுந்திருந்தது. "திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுத் தர்றேன். மூணு மாசமா இழுத்தடிச்சுட்டேன், ஒத்துக்கறேன். விஷயம் மட்டும் வெளிய கசியக் கூடாது."

பி.ஏ. தடதடவென்று படியிறங்கி ஒரு டாக்ஸியைப் பிடித்தான்.

"அந்த ஸ்கூட்டரை விட்டுடாதீங்க!"

"திருடனா சார்?" என்றார் டிரைவர்.

"எம்.பி.!"

"அதைத்தான் சார் நானும் கேட்டேன்."

ஸ்கூட்டர் கடைத்தெருவைக் கடந்தது. ரயில்வே கேட்டையும் கடந்தது. எம்.பி.யின் வீடு இருக்கும் தெருமுனை வந்ததும், வீட்டுக்குத்தான் போகிறார் போலிருக்கிறது என்று பி.ஏ.வுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்கூட்டர் அங்கே நிற்கவில்லை.

அது நின்ற இடத்தைப் பார்த்ததும் பகீரென்றது. மஞ்சள் கட்டடம், மொட்டைமாடியில் எதிர்க்கட்சிக் கொடி. பக்கத்துத் தொகுதி எம்.பி. மீசைக்காரரின் அலுவலகம்! நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றாலே மேஜையைத் தட்டிக் கூச்சல் போடுகிற அதே மீசைக்காரர்.

எம்.பி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தார்.

பி.ஏ.வுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைமையகத்துக்கு மெசேஜ் அடித்தான்: 'மீசைக்காரர் அலுவலகத்துக்குள் போய்விட்டார்.' மனசே இல்லாமல் அனுப்பியும்விட்டான். முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அவனும் உள்ளே போனான்.

ரகசிய அறையில் பேரம் நடக்கும் என்று நினைத்துப் போனவன் வாசல் கூடத்திலேயே நின்றுவிட்டான். நீள பெஞ்சில் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரிக்கும் காலில் மாவுக்கட்டுப் போட்டவருக்கும் நடுவில், முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனோடு ஹெல்மெட் ஒன்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"நீங்களா சார் இப்படி? உங்களைப் போய் நம்பினேனே!"

"மெதுவாப் பேசு தம்பி. மானம் போகுது."

"முதல்ல அந்த உறையைக் கொடுங்க!"

வாங்கிப் பிரித்தான். கட்சியிலிருந்து விலகும் கடிதம் இல்லை. 'எங்கள் தெருக் குழாய்களில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை' என்று ஆரம்பித்தது மனு. அடியில் பதினெட்டுக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து எம்.பி.யின் மனைவியுடையது.

"தண்ணி விஷயமா சார்?"

"தம்பி, நீ தனிக்கட்டை, உனக்குப் புரியாது. திங்கட்கிழமைக்குள்ள தண்ணி வரலைன்னா நாடாளுமன்றத்துலயே குடியிருந்துக்கோங்கன்னுட்டா."

"அதுக்கு எதுக்கு சார் இங்க வந்து காத்துக் கிடக்கணும்? இன்ஜினீயரைக் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டினா முடிஞ்சுது!"

"அதட்டிப் பார்த்துட்டேன். எம்.பி. லெட்டர் இருந்தாத்தான் புதுக் குழாய் போடுவேன்றான்."

"நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?"

எம்.பி. பதில் சொல்வதற்குள் பி.ஏ.வின் போன் அலறியது. தலைமையகம். அவன் முகம் வெளிறிப்போனது.

"சார், மன்னிச்சிடுங்க. நீங்க இங்க வந்ததைச் சொல்லிட்டேன். இப்ப உங்களைத் தூக்கிடுவாங்க சார்! ஆளுங்கட்சி எம்.பி.க்கு எதிரி வீட்டு வாசல்ல என்ன வேலைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"முப்பத்தொண்ணு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

எம்.பி. எழுந்து, கசங்கிய மனுவை அவன் கையிலிருந்து வாங்கி நீவிவிட்டுக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லு தம்பி. எங்க வீட்டுக்கு அவர்தான் எம்.பி.!"