சாலமோனுக்கு லீவு கிடையாது

"மருந்து ஒரு கால்ல, கட்டு இன்னொரு கால்லயா?"

பேராசிரியர் ஏகநாதன் போட்ட சத்தத்தில் மாட்டாஸ்பத்திரிக் கொட்டகையே அடங்கிப் போயிற்று.

ஆடு மட்டும் சாவகாசமாக அசை போட்டுக்கொண்டு நின்றது. அதற்கு வலது பின்னங்காலில் காயம். களிம்பெல்லாம் காயத்தின் மேல்தான் பூசியிருந்தது. கட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று இடது காலில் இருந்தது.

கீழ்க்கட்டளையிலிருந்து ஆட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த தையல்நாயகி, சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"போனாப் போவுது, வுடு சாரே. புள்ள அசதியா கீது."

"மூணாவது வருஷம் படிக்கிறான்மா. வகுப்பிலேயே முதல் மார்க் வேற" என்ற ஏகநாதன், கட்டுப்போட்ட மாணவன் பக்கம் திரும்பினார். "சாலமோன், உனக்கு லீவு கிடையாது. காலேஜ் திறக்கிற வரைக்கும் இங்கேயே டியூட்டி பாரு."

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார்" என்றான்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஞானசௌந்தரிக்கு மனசு ஆறவில்லை. அறுபத்தெட்டாம் வருஷக் கோடை அது. தாம்பரத்தை அடுத்த அந்தக் கால்நடைக் கல்லூரியில் அவள் உதவி டாக்டராகச் சேர்ந்து நாலைந்து மாதந்தான் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்து விடுமுறை. ஹாஸ்டல் வாசலில் குதிரை வண்டிகள் வந்து நின்றுவிட்டன. பையன்கள் டிரங்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கும்மாளமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு விசாரித்தாள். இது ஒன்றும் புதிதில்லையாம். சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோடையிலும் சாலமோன் ஊருக்குப் போனதில்லையாம். லீவு நெருங்கும்போது சார் எதையாவது சொல்லி அவனைப் பிடித்து வைத்துவிடுவாராம். சாருக்கு அவனைக் கண்டாலே ஆகாது என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் வண்டியில் தாவி ஏறினான்.

பெற்றவள் எங்கேயோ வழி பார்த்துக்கொண்டிருப்பாளே, இந்த மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று நினைத்த ஞானசௌந்தரி, நேராக ஏகநாதனின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு கட்டு மாறினதுக்கு லீவு முழுக்கத் தண்டனையா? அவன் டியூட்டியை நான் பாத்துக்கறேன். அவனை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஏகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வீட்டுக்கும்மா?"

அவளுக்குப் புரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்லி, அவர் மெதுவாகச் சொன்னார். சாலமோனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. அநாதை விடுதியில் வளர்ந்தவன். வயசு தாண்டிவிட்டதால் அங்கேயும் இனி தங்க முடியாது. கோடையில் ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் பூட்டிவிடுவார்கள். டியூட்டி பார்க்கிற பையன்களுக்கு மட்டுந்தான் அறையும் சாப்பாடும்.

அவன் சேர்ந்த வருஷம், மைத்துனரை ரயிலேற்றத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போன ஏகநாதன், சாலமோன் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போகிறேன் சார் என்றானாம். மறுநாள் வேறு வேலையாகப் போனபோதும் அதே பெஞ்சு, அதே பெட்டி. என் வீட்டில் வந்து இருடா என்றதற்கு, எதற்கு சார் உங்களுக்குச் சிரமம் என்று நாசூக்காக மறுத்துவிட்டானாம்.

"ரோஷக்காரன்மா. சும்மா தங்குன்னா தங்க மாட்டான். அதான், சீக்கு எருமையை யாருடா பாக்கறது, உனக்கு யார் லீவு குடுத்தான்னு அங்கேயே நாலு சத்தம் போட்டேன். பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்துட்டான்."

அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே சத்தந்தான். ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில். அதற்கும், நோய் கண்ட மாடுகளைப் பற்றிக் கேள்வி கேட்கப் போகிறேன் என்று மிரட்டித்தான் கூப்பிடுவாராம்.

"பாவம் பார்த்து வெச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியவே கூடாது. நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க."

ஞானசௌந்தரி சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கொட்டகையில் சாலமோன் இப்போது வலது காலில் அழகாகக் கட்டுப்போட்டு முடித்திருந்தான். தையல்நாயகி ஆட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நம்ப வூட்டாண்ட வா, நுங்கு வெட்டி வெக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

தானும் கடுமையாக இருக்க வேண்டும் என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இவ்வளவு படிக்கிறவனுக்கு வலது எது, இடது எதுன்னு தெரியாதா?"

சாலமோன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"தெரியும் மேடம். போன வருஷம் என்கிட்ட ஒரு தப்பும் கிடைக்காம சார் தவிச்சுப் போயிட்டார். கடைசியில ஷூவுக்குப் பாலிஷ் போடலைன்னு சொல்லி லீவைப் பிடிச்சார். இந்தத் தடவையும் அவருக்கு அந்தச் சிரமம் எதுக்குன்னு நானே ஒரு தப்பைப் பண்ணி வெச்சேன். சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம், தெரிஞ்சா சங்கடப்படுவார்."