சுவருக்கு அந்தப் பக்கம் டியூபா

“இந்த வீட்டுல மனுஷன் குடியிருக்க முடியாதும்மா” என்றார் விக்டர் ஆம்ப்லர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே மோரீனுக்குத் தேநீர் ஊற்றினார்.

மோரீன் ஹாலிஃபாக்ஸ் நகர மன்றத்தில் சத்தப் புகார்களை விசாரிப்பவள். சேவல் கூவுகிறது, சர்ச் மணி அடிக்கிறது என்று வரும் வம்புகளைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவள். இந்த முறை வம்பு பக்கத்து வீட்டு ரெஜி. பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா ஊதுகிறவன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

“நான் பொறந்ததே மாடி ரூம்லதான். இங்கேருந்து என்னை யாரும் கிளப்பக் கூடாது. நீதான் ஒரு வழி சொல்லணும்” என்றார் பெரியவர். மோரீனுக்கு மனசு கேட்கவில்லை.

ஆனால் தேநீர் ஆறியும் சத்தத்தைக் காணோம். அவள் கிளம்பலாமா என்று யோசித்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அடுத்த நிமிடம், சேற்றில் சிக்கிய மாடு அலறுவதுபோல் டியூபா ஆரம்பித்தது. அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுத்தன.

காரில் வந்தவன் பெரியவரின் மகன் நைஜல். அப்பாவுக்கு ஓர் அமைதியான முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டானாம். வீட்டை விற்றுவிட்டால் இந்த ரோதனை ஒழியும், புகார் கிகார் எல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டான்.

மோரீன் கருவியில் சத்தத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “நமக்குத் தொல்லையா இருக்கறதெல்லாம் சட்டத்துக்குத் தொல்லை இல்லைங்க. பொறுக்கவே முடியாத அளவுக்கு இருக்கணும். பகல்ல கொஞ்ச நேரம் டியூபா ஊதினா அது எரிச்சல். அவ்வளவுதான். நோட்டீஸ் விட முடியாது.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நைஜலுக்கு முகம் மலர்ந்தது.

“அப்போ புகாரே இல்லைன்னு ஆயிடும்ல?”

“அதெப்படி? புகார் பதிவாயிடுச்சே. வீட்ட விக்கறப்ப வாங்கறவங்ககிட்ட மறைக்காம சொல்லியாகணும்.”

நைஜலின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சண்டை என்று காதில் விழுந்தால் இந்த ஊரில் எவனும் வாசற்படி ஏற மாட்டான். அங்கேயே தரகரைக் கைபேசியில் அழைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொன்னான். காரில் ஏறிப் போய்விட்டான்.

பாவம் பெரியவர் என்று நினைத்தாள் மோரீன். சத்தமும் நிற்கவில்லை, விற்றுவிட்டு ஓடவும் வழியில்லை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முடிவைச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டியூபாவோடு ரெஜி வந்து நின்றான். உதடு வீங்கிச் சிவந்திருந்தது. நடவடிக்கை இல்லை, ஆனால் புகார் பதிவில் இருக்கும் என்றாள். அவன் முகத்தில் கோபத்தையே காணோம். அவள் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பையன் வீட்ட விக்கற நெனப்ப விட்டுட்டானா?”

“விட்டுட்டாரு.”

ரெஜி டியூபாவைத் தரையில் இறக்கி வைத்தான்.

“அப்பாடா. பெரியவர் இனிமே ஊதச் சொல்ல மாட்டாரு.”