காலிக் குடம்

“இன்னாமே, இந்த நேரத்துலதானா வரணும்?”

புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கூடத்தில் வீடு பார்க்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கக் கேட்டில் பக்கத்து வீட்டுப் பூவம்மா இரண்டு காலிக் குடங்களோடு நிற்கிறாள். நல்ல காரியம் பேசும்போது காலிக் குடம் எதிரே வந்தால் விளங்குமா?

“ரெண்டே கொடம்க்கா” என்றபடி பூவம்மா அடி பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எர்ணாவூரில் அந்தத் தெரு முழுக்க உப்புத் தண்ணீர். புஷ்பவல்லி வீட்டுப் பம்பில் மட்டும் என்ன புண்ணியமோ, நல்ல தண்ணீர். பூவம்மா வீட்டு உலை பல வருஷமாக அதில்தான் கொதிக்கிறது.

வீடு பார்க்க வந்த ராமசுப்பு எட்டிப் பார்த்தார். “யாருங்க இது?”

“பக்கத்து வூடு. தண்ணி புடிக்க வரும்” என்றார் புஷ்பவல்லியின் கணவர் செல்வம்.

“நாங்க வந்தா முதல்ல அந்த கேட்டைப் பூட்டணும்.”

“பூட்டிடலாங்க” என்று முந்திக்கொண்டாள் புஷ்பவல்லி. செல்வம் ராமசுப்புவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செல்வத்தைக் கேட்டாள். “அந்த ஆளு இன்னா சொன்னாரு?”

“சரிப்பட்டு வர்ல.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வம் ரிட்டயர் ஆன பிறகு இரண்டு பேருக்கு இந்த மாடி வீடு ரொம்பப் பெரிசு. அவருக்கோ மூட்டு வலி. மகள் கீர்த்தி இருக்கிற புழலில் சின்னதாக ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறார்கள். மாசக் கடைசிக்குள் இந்த வீடு விற்காவிட்டால் அது கை நழுவிப் போய்விடும். அதற்காகத்தான் அவள் பரணைக் காலி பண்ணி, பெயிண்ட் அடித்து, திரைச்சீலை மாற்றி, வீட்டைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து வைத்திருந்தாள்.

அடுத்த ஆள் வருவதற்கு முதல் நாளே பூவம்மாவிடம் போய்ச் சொன்னாள். “விடியக்காலைலயே வந்து புடிச்சிகினு பூடு. ஆளுங்க வர்றப்போ வராத.”

சொல்லும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. பூவம்மா தலையாட்டினாள். விடியற்காலையில் வந்து எல்லாக் குடத்தையும் நிரப்பிக்கொண்டும் போனாள்.

அன்புமணி என்பவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாரோ இல்லையோ, பின்பக்கக் கேட்டில் மறுபடியும் காலிக் குடம்.

“இதென்ன, பொதுக் குழாயா?” என்று அவர் முகத்தைச் சுளித்தார். அதுவும் சரிப்பட்டு வரவில்லை.

“அவ வேணும்னே பண்றா” என்று பொரிந்தாள் புஷ்பவல்லி. “நாம பூட்டா தண்ணி கெடைக்காதுன்னு வூட்ட விக்கவுடாம பேஜார் பண்ணிகினு கீறா.”

“உடு புஷ்பா” என்றார் செல்வம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்றாவதாக ஜஸீமாவும் அவள் கணவனும் வந்தார்கள். சொல்லிவைத்தாற்போல் பூவம்மாவும் வந்தாள். புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, இதுவும் போச்சு.

பம்பு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், அடித்துக்கொண்டிருந்தவள் ஜஸீமா.

“நீங்க கொடத்தப் புடிங்கக்கா, நான் அடிக்கிறேன். நாங்க வந்தப்புறமும் வருவீங்கல்ல? எனக்கும் பேச்சுத் துணையாச்சு.”

அன்று சாயங்காலமே பேச்சு முடிந்தது.

புஷ்பவல்லி லட்டு எடுத்துக்கொண்டு பூவம்மா வீட்டுக்குப் போனாள். சந்தோஷம் ஒரு பக்கம், ஆறாத கோபம் ஒரு பக்கம்.

“இப்பவாவது சொல்லுமே. அதான் விடியக்காலைலயே ரொப்பிகினு போனியே, அப்பறம் எதுக்கு ஆளு வர்ற நேரமா பாத்து வந்து நின்ன?”

பூவம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தாள்.

“செல்வம் மாமாதான்க்கா ஒவ்வொரு தபாவும் போன் பண்ணாரு. கொடமெல்லாம் ரொம்பிக் கீது மாமான்னேன். ‘முருங்கைக்கு ஊத்திட்டு காலிக் கொடத்தோட வா, வந்தவங்க மூஞ்சி எப்டி போவுதுன்னு நான் பாக்கணும்’னாரு.”