நாற்பத்தோராவது கோடு

பார்க்கின்சன் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை எனக்கு இந்தக் கண் பரிசோதனை உண்டு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து இருட்டறையில் உட்காருவேன். திரையில் நாற்பது முறை புள்ளி தாவும். கண்ணும் கூடவே தாவ வேண்டும்; ஒவ்வொரு தாவலுக்கும் கருவி ஒரு கோடு போடும்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுதும்மா," என்றாள் கருவி பார்க்கும் பெண். "ஆனா நாப்பத்தொரு கோடு வந்திருக்கு."

"ஒண்ணு கொசுறா வச்சுக்கோ."

அவள் சிரிக்கவில்லை. "இது தாவல, நழுவிக்கிட்டே போகுது. கதவுலேருந்து உங்க பக்கத்து நாற்காலி வரைக்கும். எதையாவது பின்தொடர்ந்தாத்தான் கண்ணு இப்படிப் போகும். யாராவது உள்ள வந்தாங்களா?"

"என்கூட வர யாரு இருக்கா? எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அங்கதான் உக்காருவார்."

"டாக்டர் பார்த்தா, மாத்திரையாலதான் இல்லாதது தெரியுதுன்னு அதைக் குறைச்சிடுவார்மா."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

அது உண்மைதான். என் கண் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

"குறைச்சா அந்தக் கோடு வராதா?"

"வராதும்மா."

"அப்போ எழுதாதே."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அறிக்கையில் நாற்பது என்று எழுதினாள். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தப் போனாள்.

"உடனே சாத்தாதேம்மா," என்றேன். "அவர் மெதுவாத்தான் நடப்பார்."