உனக்காகப் பேசினேன்

மேலதிகாரியின் கண்ணாடி அறைக்குள் மனைவி நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கணவன் பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, காலி பாட்டிலை மறுபடியும் திறந்து பார்த்தான்.

கப்பல் நிறுவனத்தின் சரக்குப் பிரிவு அது. எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிற பதினான்கு பேரில் இவர்கள் இருவரும் உண்டு. அவன் தினமும் எட்டரைக்கெல்லாம் இந்த மேஜைக்கு வந்துவிடுவான். அவளுக்கு நான்கு வருடமாக ஆபீஸ் என்பது வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை.

மகளுக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வந்த சமயத்தில் ஆரம்பித்த ஏற்பாடு அது. மகள் தேறி, இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயமே ஓடுகிறாள். ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

"வீட்டுக்காரம்மா என்ன திடீர்னு ஆபீஸ் பக்கம்?" பக்கத்து மேஜையிலிருந்து சோடாபுட்டி எட்டிப் பார்த்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட அந்த மனிதரை ஆபீஸே அப்படித்தான் கூப்பிடும்.

"ராஜினாமா கொடுக்க வந்திருக்கா."

"ஐயையோ! ஏங்க?"

கணவனின் பார்வை கண்ணாடிச் சுவரைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அறிவிப்பு வந்தது. பிரிவின் தலைமைப் பொறுப்பு மூன்றாவது தடவையாக அவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தது. போனதோ, அவளே போனில் மணிக்கணக்காக வேலை சொல்லிக்கொடுத்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. அன்று அவள் தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

"என் வேலையில ஏதாவது குறை சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல. தினம் எதிர்ல வந்து நிக்கறவங்க முகம்தான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. நானும் ஒவ்வொரு தடவையும் உனக்காகப் பேசித்தான் பாக்கறேன்."

"அப்ப நானும் தினம் வந்துடறேனே?"

"நாலு வருஷம் கழிச்சா? வந்து அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி நிக்கப் போறியா? வேண்டாம், விட்டுடு. உன் நிம்மதிதான் எனக்கு முக்கியம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்து அவள் கடிதம் எழுதினாள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும், அலைய வேண்டாம் என்று அவன் சொன்னான். சரி என்று தலையாட்டியவள், இன்று பதினோரு மணிக்கு அவன் மேஜை முன்னால் வந்து நின்றாள். கையில் உறை.

"மேடத்தைப் பாத்துக் கொடுத்துட்டு வந்துடறேங்க."

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். "எங்கிட்ட கொடு. நான் கொடுத்துடறேன்."

"பத்து வருஷம் வேலை பாத்திருக்கேன். போறப்பவாவது நேர்ல சொல்லிட்டுப் போறேன்."

"அப்ப இரு, நானும் வரேன்."

"நீங்க வேலையைப் பாருங்க." போய்விட்டாள்.

"பாவங்க," சோடாபுட்டி நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகில் வந்தார். "அவங்க போட்ட திட்டத்துல ஒரு கன்டெய்னர்கூட இடம் மாறினதில்ல. ஆனா ஒண்ணு, அவங்க தலைமைக்கு வந்திருந்தா உங்க பாடு திண்டாட்டம்தான். வீட்டுலயும் 'சரிம்மா', இங்கயும் 'சரிம்மா'!"

தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை.

உள்ளே மேடம் கடிதத்தைப் படித்து முடித்திருந்தார். ஏதோ கேட்டார். மனைவி இல்லை என்று தலையசைத்தாள். மேடம் முன்னால் சாய்ந்து மறுபடியும் ஏதோ கேட்டார். அதற்கும் அவள் இல்லை என்றுதான் தலையசைத்தாள்.

மேடம் மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு மாச நோட்டீஸ் கேக்கறாங்க போலிருக்கு," என்றார் சோடாபுட்டி.

கணவனுக்கு நெற்றியில் வியர்த்தது. தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அறைக்குள் பேச்சு நின்றது. மனைவி மெல்லத் திரும்பி, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் பாதிக் கையைத் தூக்கி, என்ன ஆச்சு என்பதுபோல் அசைத்தான். அவள் அசையவில்லை. மேடமும் இப்போது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. இரண்டு வரிசை மேஜைகளுக்கு நடுவே அவள் நிதானமாக நடந்து வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"என்ன சொன்னாங்க? கடிதத்தை வாங்கிக்கிட்டாங்களா?"

"மூணு தடவையும் அந்தப் பொறுப்பை முதல்ல எனக்குத்தான் கொடுக்க நினைச்சாங்களாம். தினம் ஆபீஸ் வர முடியுமான்னு, வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லி உங்ககிட்ட சொன்னாங்களாம்."

சோடாபுட்டி சத்தமில்லாமல் நாற்காலியைத் தன் இடத்துக்கு உருட்டிக்கொண்டார். கணவன் காலி பாட்டிலைக் கையில் எடுத்தான்.

அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?"