பழைய சாமான் விலை

மணவிலக்கு ஆன மறுவாரம், துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் நாஜியின் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக் கொடுக்க, தெருப் பெரியவர் ஹாஜி முக்தார் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர் சம்பளத்துலயும் வாங்கினது. முதல்ல விலையப் பேசுங்க. வச்சுக்கிறவங்க அடுத்தவங்களுக்குப் பாதியக் குடுத்துடணும்."

தன்மேல் வழக்குப் போட்டு விலகிய ரபீக்காவை வெறுங்கையோடு அனுப்பினால்தான் நாஜிக்கு மனம் ஆறும்.

"ஃபிரிட்ஜ் போடுற இரைச்சல்ல தூக்கமே வரல ஹாஜி. நூறு தினார்கூடத் தேறாது."

"வாஷிங் மெஷின்?"

"அது துணியத் துவைக்காது, கிழிக்கும். எம்பது போடுங்க."

அடுப்பையும் ஏசியையும் இரும்புக்கடை விலைக்கே இறக்கிவிட்டான்.

ஹாஜிக்குப் பொறுக்கவில்லை. "சந்தையில கேட்டா மூணு மடங்கு குடுப்பானே! நீ என்னம்மா சொல்றே?"

"இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர் பொய்யா சொல்லப் போறார்? அந்த விலையே இருக்கட்டும்" என்றாள் ரபீக்கா.

நாஜி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டான். பேச்சு மாறக்கூடாதென்று மூவரும் பாத்திஹா ஓதி முடித்தார்கள்.

ரபீக்கா கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது உங்க பாதி."

"என் பாதியா? சாமானெல்லாம் இங்கதானே இருக்கப் போகுது?"

"அப்படின்னு யார் சொன்னா? விலை நீ வச்சே, அவ வாங்கிக்கிறா" என்றார் ஹாஜி. அதற்குள் ரபீக்காவின் அண்ணன்மார் கயிற்றோடு படியேறி வந்துவிட்டார்கள்.

நாஜியின் குரல் இறங்கிவிட்டது. "ரபீக்கா, ஃபிரிட்ஜையாவது விட்டுட்டுப் போ. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். வீட்டுல எல்லாச் சாமானும் இருக்குன்னு பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கேன்."

"தெரியும். லாரிய அவங்க தெரு வழியாத்தான் போகச் சொல்லியிருக்கேன்" என்றாள் ரபீக்கா.