ஓர் அழைப்புக்கு ஒரு சாரி

“சாரி சார், உங்களைக் காத்திருக்க வச்சதுக்கு” என்று சொன்னதோடு அவளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே சாரியும் தீர்ந்துபோனது.

ஓர் அழைப்புக்கு ஒன்றுதான். அதற்கு மேல் சொன்னால், பேச்சைப் பதிவுசெய்து கேட்கிறவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். சும்மா சும்மா சாரி சொன்னால் ஃபோன் கம்பெனி மேல் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை போய்விடுமாம்.

அதற்கென்று பயிற்சி வகுப்பில் மேடம் பலகை நிறைய எழுதிப் போட்டிருந்தார். கத்துகிறவரிடம் அப்பாலஜைஸ். நம் தப்பு இல்லாத இடத்தில் ரிக்ரெட். சொன்னது காதில் விழாவிட்டால் பார்டன். யாராவது இறந்துபோனதாகச் சொன்னால் ஆழ்ந்த வருத்தங்கள்.

“காலை மிதிச்சாலும் சாரி, ஆளே போனாலும் சாரின்னா எப்படி?” என்று மேடம் கேட்டபோது வகுப்பே சிரித்தது.

ஆளுக்கொரு மாற்றுச் சொல் கேட்டார். அவள் வாய்வரை வந்த சொல் ஃபேன். நல்லவேளை, விழுங்கிவிட்டாள்.

அவள் வீட்டில் சாரிக்கு அதுதான் சொல்.

அப்பா கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அறியாதவர். கோபம் வந்தால் வீடு இரண்டுபடும். அடங்கியதும் அவள் அறை வாசலில் வந்து நிற்பார். “ஃபேன் சத்தம் போடுதா?” என்பார். பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, தேமே என்று ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார்.

“உங்கப்பா சாரி சொல்லியாச்சு, சாப்பிட வா” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வெளியேறியபோது மட்டும் அப்பா ஸ்டூலைத் தேடவில்லை. இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னவர், சொன்னபடியே இருந்துவிட்டார். அவளும் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, இறங்கிப் போகவில்லை. வீட்டுக்கே ஒரு ஃபோன், அது அம்மாவுடையது. அப்பா கடைக்குப் போனபிறகு அம்மாதான் கூப்பிடுவாள். “நீ கூப்பிடாத, நானே கூப்பிடறேன்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பத்து நாளாக அம்மா கூப்பிடவில்லை. அப்பா கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

லைனில் இருந்தவர் இன்னும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

இரண்டு நாளாக அந்தக் கால் சென்டர் கூடத்தில் ஒரு கிழவரைப் பற்றித்தான் பேச்சு. கூப்பிடுவார். இந்தப் பக்கம் ஒரு பெண் வணக்கம் சொன்னதும் ஓர் இருமல், உடனே வைத்துவிடுவார். மறுபடி கூப்பிடுவார், வேறொருத்தி எடுப்பாள், மறுபடி இருமல்.

“தாத்தா பொண்ணு பாக்கறாருடி, ஒருத்தியும் பிடிக்கல போல” என்று பக்கத்து இருக்கைக்காரி சொல்லி, டீ இடைவேளை முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இவர் வைக்கவில்லை.

“ஒரு நம்பரை நிறுத்தணும்மா.” கம்மிப்போன குரல்.

காரணம் கேட்பது விதி. கேட்டாள்.

“அந்த நம்பர்காரங்க போயிட்டாங்க. போன வாரம். தூக்கத்துலயே.” அவரே தொடர்ந்தார். “அவங்க ஃபோனைத் திறக்க எனக்குத் தெரியல, இது இரவல் ஃபோன். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்ல முடியாமப் போச்சு.”

சாரி கையிருப்பில் இல்லை. பலகையில் இருந்ததை எடுத்துப் போட்டாள்.

“உங்க இழப்புக்கு எங்களோட ஆழ்ந்த வருத்தங்கள் சார்.”

குரலை எவ்வளவு இறக்க வேண்டுமோ அவ்வளவு இறக்கியிருந்தாள். இன்றைக்கு நன்றாகவே வந்தது என்றுகூடத் தோன்றியது. அதே மூச்சில் நம்பரைக் கேட்டாள்.

அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

பாதியில் விரல் நின்றது. மீதியை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் குரல் ஃபோனில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஹாஸ்டலில் படித்த காலத்தில்கூட, “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பதற்கு மேல் அவர் ஃபோனில் பேசியதே கிடையாது. இப்போது கொடுப்பதற்கு அம்மா இல்லை.

அம்மா இல்லை. அதற்கு அவள் ஆழ்ந்த வருத்தங்கள் தெரிவித்தும் முடித்துவிட்டாள்.

மகள் எந்தக் கம்பெனியில் ஃபோன் எடுக்கிறாள் என்பதை மட்டும் அம்மா எப்போதோ அவர் காதில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

சாரிப்பா என்று சொல்லிவிடத் துடித்தாள். மதிப்பெண் போனால் போகட்டும். ஹெட்செட் மைக்கை வாயருகே இழுத்தாள். பக்கத்து இருக்கைக்காரி என்னவென்று கண்ணால் கேட்டாள்.

அதற்குள் அந்தப் பக்கம் இருமல். இரண்டு நாளாக அந்தக் கூடமே கேட்டுச் சிரித்த இருமல்.

“அங்க…” என்றார் அவர். “ஃபேன் ஏதாச்சும் சத்தம் போடுதாம்மா?”

கூடம் முழுக்க ஏசி. பேருக்குக்கூட ஒரு ஃபேன் கிடையாது.

“ஆமாப்பா” என்றாள். “ரொம்ப நாளா போடுது.”